பருப்பில்லாத மாங்கொட்டை

அந்த வருஷமும் காய் நிற்கவில்லை.

பூவுக்குக் குறைவில்லை. மார்கழிப் பனியிலேயே அறுபது மரமும் பூத்தது. தை பிறக்கும்போது தோப்பு முழுக்க மஞ்சள் போர்வை விரித்த மாதிரி இருந்தது. குருபரப்பள்ளி ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை ராஜப்பனுக்கு விட்டதெல்லாம் சேத்து வந்துடும்" என்று சொல்லிப் போனார்கள். மாசி முடிவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. பிஞ்சுகள் நெல்லிக்காய் அளவுக்கு வந்து அப்படியே நின்றன. ஒரு காம்பில் பதினைந்து, இருபது. வளரவும் இல்லை, உதிரவும் இல்லை. திராட்சைக் குலை போலத் தொங்கிக்கொண்டே பங்குனி வெயிலில் மஞ்சளித்தன. வயசுக்கு வராமலே கிழடு தட்டியது போல.

ராஜப்பனின் மனைவி காவேரி அதில் நாலைந்தைப் பறித்துவந்து அரிவாள்மணையில் நறுக்கினாள். கத்தி எதிலும் தடுக்காமல் இறங்கியது. கொட்டை இருக்கவேண்டிய இடத்தில் காகிதம் மாதிரி ஒரு தோடு. தோட்டுக்குள் பருப்பு இல்லை. கருகிய நூல் ஒன்று சுருண்டு கிடந்தது. இன்னொன்றை நறுக்கினாள். அதுவும் அப்படித்தான். மூன்றாவதோடு நிறுத்திவிட்டாள். மிச்சத்தை அப்படியே முந்தானையில் வாரிக்கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

மூன்று வருஷமாக இப்படித்தான். ராஜப்பன் முதல் வருஷம் பனியைக் குறை சொன்னார். இரண்டாம் வருஷம் பூசாரியைக் கூட்டிவந்து சேவல் அறுத்து, மரத்துக்கு மரம் எலுமிச்சம்பழம் கட்டினார். மூன்றாம் வருஷம் யாரையும் கூப்பிடவில்லை. ஊரார் அவர் காதுபட எதுவும் சொல்வதில்லை. அவர் நகர்ந்ததும் ஒரே பேச்சுத்தான்: "சம்பங்கி உடமாட்டா."

சம்பங்கி அந்தத் தோப்பில் கூலிக்கு வந்த பெண். இருபது வயசு இருக்கும். புருஷன் கோலார் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டதால், ஏரிக்கு அந்தப்பக்கத்துக் குடிசைகளில் அம்மா மாரம்மாவோடு இருந்தாள். ஐம்பத்தொன்றாம் வருஷம், ஒட்டு மரங்கள் முதன்முதலாகக் காய்த்தபோது, அவளுக்கு ஐந்து மாசம். அது நல்ல காய்ப்பு. கிளைகளுக்கு முட்டுக் கொடுக்கவேண்டி வந்தது. முதல் பழத்தை ஊர் மாரியம்மனுக்குப் படைக்கிறவரை யார் வாயிலும் படக்கூடாது என்று ராஜப்பன் நேர்ந்துகொண்டிருந்தார். வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட ஒரு கீற்று இல்லை.

சாணம் தட்டவந்த சம்பங்கி, கொல்லையில் வைக்கோல் போட்டு அடுக்கியிருந்த பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. மூக்கை மட்டும் ஒருதரம் உறிஞ்சினாள். மசக்கையில் கஞ்சிகூட அவளுக்குத் தங்குவதில்லை என்பது காவேரிக்குத் தெரியும். மூன்று பெற்றவளுக்கு அந்த முகம் தெரியாதா? இரண்டு பழத்தை எடுத்து அவள் மடியில் வைத்து, "போ, யார் கண்ணுலயும் படாம தின்னு" என்றாள்.

ராஜப்பன் கண்ணில் தோலும் கொட்டையும் பட்டன. மறுநாள் காலை ஏரிக்கரை வழியாக வந்தவர், குடிசை ஓரத்தில் அதைப் பார்த்தார். ஒட்டுப்பழத்தின் கொட்டை அந்த ஊரில் வேறு யார் வீட்டிலும் இருக்க வழியில்லை. சாமிக்கு நேர்ந்த பழத்தைத் திருடித் தின்றவள் என்று சம்பங்கியை இழுத்துவந்து, ஏரிக்கரையில் தோப்பின் ஓரமாக நின்ற நாட்டு மாமரத்தில் வண்டிக் கயிற்றால் கட்டினார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை. வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கமாகத்தான் போய்வந்தார்கள்.

காவேரி கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பங்கி ஒரே ஒருதரம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. காவேரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: சாயங்காலம் அவிழ்த்துவிடுவார், நாளைக்கு ஒரு புதுச்சேலை கொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சேலையைக்கூட எடுத்து வைத்தாள்.

மறுநாள் விடியலில் சம்பங்கி அதே மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

புருஷன் ஊரில் இல்லாத ஏக்கம் என்று விசாரணை முடிந்தது. அந்த வாரமே ராஜப்பன் நாட்டு மாமரத்தை அடியோடு வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பினார். கோலாரிலிருந்து அவள் புருஷன் கடைசிவரை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் காவேரிக்கு அது தொடங்கியது. ராத்திரியில் இல்லை, கனவிலும் இல்லை. நட்ட நடுப்பகலில். மரங்களுக்கு நடுவே பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். கூழ் கொண்டுபோகிற காவேரி, எத்தனை பேருக்கு ஊற்றவேண்டும் என்று தூரத்திலிருந்தே ஒருதரம் கண்ணால் பார்த்துக்கொள்வாள். ஏழு முதுகு தெரியும். கிட்டே போனால் ஆறுபேர்தான். ஏழாவது முதுகு எது என்று அவளுக்குச் சொல்லத் தெரியும். ஏரிப்பக்கத்து ஓரத்தில், மற்றவர்களைவிட இரண்டு முழம் தள்ளி, அரக்குச் சேலை. ஒருநாளும் முகம் திரும்பியதில்லை. காவேரி அன்றன்றைக்கு ஒரு சட்டி கூழ் அதிகமாகவே ஊற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தாள். மிச்சத்தை மண்ணில் கொட்டிவிட்டு வருவாள். ஏன் என்று கேட்ட மூத்த களைக்காரியிடம் மட்டும் ஒருநாள் விஷயத்தைச் சொன்னாள்.

ஐம்பத்துநாலாம் வருஷம் சித்திரையில் திம்மப்பன் என்கிற ஒட்டுக்காரர் வந்தார். மத்திகிரிப் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். ஊர் ஊராகப் போய் மாவுக்கும் கொய்யாவுக்கும் ஒட்டுக் கட்டுவது தொழில். ராஜப்பன் அவரைத் தோப்புக்குள் கூட்டிப்போனபோது, காவேரியும் கூடவே போனாள். பண்ணையில் வேலை பார்க்கும் சென்னப்பன் பின்னால் வந்தான்.

திம்மப்பன் இடுப்பிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து ஒரு பிஞ்சைப் பிளந்து பார்த்தார். பத்து மரத்தில் பத்துப் பிஞ்சைப் பிளந்தார். பிறகு கத்தியை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ராஜப்பண்ணா, இந்த அறுபதும் எங்க வாங்கினது?"

"பெங்களூர் பக்கம். ஒரே எடத்துல."

"ஒரே எடம் மட்டுமில்ல, ஒரே மரம். ஒரே தாயோட கிளைய எடுத்து எடுத்துக் கட்டினது. பாக்கறதுக்குத்தான் அறுபது, உள்ள ஒண்ணுதான். இந்த ஜாதி தன்னோட பூத்தூளைத் தானே ஏத்துக்காது. பிஞ்சு புடிக்கும். ஆனா பருப்பு ஊறாது. பருப்பு இல்லேன்னா காய் யாருக்காக வளரணும்? வித்துக்காகத்தானே சதை!"

"மொத வருஷம் முட்டுக் குடுக்கற மாதிரி காய்ச்சுதே?"

"அப்ப வேற ஜாதி ஒண்ணு பக்கத்துல இருந்திருக்கும். இதே சமயத்துல பூக்கற மரம். ஈயும் பூச்சியும் அதுல உக்காந்துட்டு வந்து இதுல உக்காந்திருக்கும்." திம்மப்பன் சுற்றிலும் பார்த்தார். ஏரிக்கரை ஓரத்தில் அவர் பார்வை நின்றது. "அதோ, அடிமரம் ஒண்ணு தெரியுதே, அது என்னா மரம்?"

சென்னப்பன் தலையைக் குனிந்துகொண்டான். ராஜப்பன் தொண்டையைச் செருமினார். "நாட்டு மா" என்றார்.

"அதை ஏன் வெட்டினீங்க?"

"தோப்புக்கு நெழல் கட்டுச்சு."

திம்மப்பன் உச்சுக்கொட்டினார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. காவேரி அந்த அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டாள்:

"அதோட பழம் பல்லு கூசற புளிப்பாச்சே. அந்தத் தூள் பட்டும் எங்க பழம் தேனாத்தானே இருந்துச்சு?"

"சதை தாயோடதும்மா. எந்தத் தூள் விழுந்தாலும் பழம் தாய் மாதிரியேதான் இருக்கும். நெறம் மாறாது, ருசி மாறாது. உள்ள இருக்கற கொட்டைதான் ரெண்டு பேருக்கும் பொறந்தது. அதை நட்டு, மொளைச்சு, காய்ச்சா அப்பத்தான் அப்பன் யாருன்னு தெரியும்."

வழியும் அவரே சொன்னார். வேறு மரத்தின் பூத்த கிளைகளை ஒடித்துவந்து, தண்ணீர் ஊற்றிய மண்கலயத்தில் சொருகி, நாலு மரத்துக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிடவேண்டும். இரண்டு நாளைக்கு ஒருதரம் புதுக்கிளை மாற்றவேண்டும். பூ முடிகிறவரை. ஆனால் ஒட்டு மார்கழியிலேயே பூக்கிறது; ஊரில் இருக்கிற மற்ற மாமரமெல்லாம் தை கடைசியில்தான் பூக்கும். மார்கழியில் பூக்கிற மரம் வேண்டும்.

"ஒண்ணு இக்குது" என்றான் சென்னப்பன், தரையைப் பார்த்தபடியே. "மாரம்மா ஊட்டுப் பின்னால. சம்பங்கி சின்னப் புள்ளையா இருக்கறப்ப இந்த ஏரிக்கரை மரத்துப் பழத்த தின்னுட்டுக் கொட்டைய நட்டா. அது மார்கழியிலதான் பூக்குது."

"கொட்டைக் கன்னு தாய் மாதிரியே வராது. ஆனா பூக்கற பருவம் ஒத்து இருந்தா நமக்கு அது போதும்" என்றார் திம்மப்பன். "அங்கிருந்து இங்க ஒரு மைல் இருக்குமா? ஈ அவ்வளவு தூரம் வராது. நாமதான் கொண்டாரணும்."

திம்மப்பன் சொன்ன ஒவ்வொன்றும் காவேரிக்குப் புரிந்தது. பேய் இல்லை, சாபம் இல்லை, பூத்தூள்தான். புரிந்துகொண்டால் பயம் விட்டுப்போகும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனி, ஆடி, ஆவணி என்று மாசங்கள் போயின. ஏழாவது முதுகு போகவில்லை. அந்த அரக்குச் சேலை ஏரிப்பக்கத்து ஓரத்தில் குனிந்தபடியே இருந்தது.

மார்கழி பிறந்தது. தோப்பு பூத்தது. "ஆளை அனுப்பி வெட்டியாரச் சொல்றன்" என்றார் ராஜப்பன்.

"கேக்காம வெட்டினா நல்லாயிருக்காது. நான் போய்க் கேக்கறன்" என்றாள் காவேரி. அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பனி விலகிய பிறகு, காலைவேளையில், ஏரிக்கரை தாண்டி அவள் தனியாகப் போனாள். அந்தக் குடிசைகளுக்கு அவள் போவது அதுதான் முதல்முறை. மாரம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசுக்கு எழுபது போல இருந்தாள். குடிசைக்குப் பின்னால் கூரையைவிட உயரமாக மாமரம். பூவின் வாசனை வாசல்வரை வந்தது. அது ஏரிக்கரை மரத்தின் வாசனைதான். கொஞ்சம் காரமாக, கற்பூரம் கலந்ததுபோல.

"வாங்கம்மா" என்றாள் மாரம்மா. எழுந்திருக்கவில்லை.

காவேரி பூ விஷயத்தைச் சொன்னாள். திம்மப்பன் சொன்னதைத் தட்டுத்தடுமாறி ஒப்பித்தாள். மாரம்மா முறத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூவை ஒடிச்சுட்டா எனக்கு இந்த வருஷம் காய் இல்ல."

"தெரியும் மாரம்மா."

"வேற எதுவும் சொல்ல வரலியா?"

முறம் நின்றது. ஒரு கோழி வந்து சிந்திய ராகியைக் கொத்தியது. மாரம்மா அதை விரட்டவில்லை. காவேரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பழத்த நான்தான் குடுத்தன். அவ கேக்கக்கூட இல்ல. நானாத்தான் எடுத்து மடியில வச்சன்."

"தெரியும்" என்றாள் மாரம்மா.

காவேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கி கட்டு அவுத்ததும் ஊட்டுக்கு வந்தா. கயிறு அறுத்த எடத்துல மஞ்சப்பத்துப் போட்டன். அப்ப சொன்னா. 'அந்தம்மா குடுத்ததுதான். நீ வாயத் தொறக்காத. தொறந்தா அந்தாளு அவங்கள அடிச்சே கொன்னுடுவாரு. எனக்குன்னு ஆசையா எடுத்துக் குடுத்தது அவங்க ஒருத்திதான்'னா. தலைமேல அடிச்சுச் சத்தியம் வாங்கினா. பொறவு படுத்தா. விடியறப்ப பாயில இல்ல."

மாரம்மா முறத்தில் ஒட்டியிருந்த ராகியைத் தட்டிவிட்டாள்.

"சத்தியம் என்னைத்தான் கட்டுச்சு. உங்கள யாரும் கட்டல" என்றாள் மாரம்மா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இன்னிக்கி வருவாங்க, நாளைக்கி வருவாங்க, ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு மூணு வருஷமா இருந்தன். வந்துட்டீங்க. பூவுக்கு வந்தீங்க."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காவேரி தோப்புக்குத் திரும்பியபோது பெண்கள் மரங்களுக்கு நடுவே கொள்ளுச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ராஜப்பன் அவள் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டார். "கேட்டது போதும்" என்று சொல்லி, சென்னப்பனையும் இன்னும் இரண்டுபேரையும் கூப்பிட்டார். வண்டி பூட்டினார்கள். மூன்று அரிவாள் வண்டியில் ஏறியது.

வண்டி நகர்ந்தபோது காவேரி போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள்.

"என்னா இது? விடு" என்றார் ராஜப்பன்.

"சம்பங்கி திருடல" என்றாள் காவேரி.

குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அவள் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள். "நான் குடுத்தன். கொல்லையில வச்சிருந்த பழத்துல ரெண்டு, இந்தக் கையால எடுத்து மடியில வச்சன். நீங்க கட்டிப்போட்டப்ப கதவுகிட்ட நின்னு பாத்துக்கினு இருந்தன். ஒரு வார்த்த சொல்லல."

அடி விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடினாள். விழவில்லை. திறந்தபோது ராஜப்பன் வண்டிச் சக்கரத்தில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள், காணவில்லை.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பயம்."

"என்கிட்டயா?"

அங்கே நின்ற யாருக்கும் அந்தப் பதில் தேவைப்படவில்லை.

கொள்ளுப் பிடுங்கியவர்களில் நாராயணம்மா என்பவள் மூத்தவள். அவள் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டு, சேலையை உதறிக்கொண்டு ஏரிக்கரை மேல் ஏறி நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். சென்னப்பன் வண்டியிலிருந்து இறங்கினான். "அன்னிக்கி கயித்த எடுத்தாந்து குடுத்தது நான்தான், எசமான்" என்றான். அரிவாளை ராஜப்பனின் காலடியில் வைத்துவிட்டு அவனும் போனான். மற்ற இரண்டுபேரும் அவன் பின்னாலேயே போனார்கள். தோப்பில் புருஷனும் பெண்சாதியும் இரண்டு மாடுகளும் மிச்சம்.

இரண்டு நாள் யாரும் வேலைக்கு வரவில்லை. பூ விரிந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ராஜப்பன் வெளியே வரவேயில்லை.

மூன்றாம் நாள் காலையில், பனிக்குள் ஏரிக்கரை மேல் ஒரு மரமே நடந்துவருவது போலத் தெரிந்தது. தலையில் பூங்கிளைக் கட்டோடு மாரம்மா வந்தாள். பின்னால் நாராயணம்மா, அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள், எல்லார் தலையிலும் கிளை. காவேரி ஓடிப்போய்க் கலயங்களை எடுத்துவந்தாள், தண்ணீர் மொண்டு ஊற்றினாள். மாரம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. யாரையும் தொடவிடாமல் ஒவ்வொரு கலயத்தையும் தானே கட்டினாள். முடிச்சை இரண்டுதரம் இழுத்துப் பார்ப்பாள். பிறகு பூவைக் கையால் ஒருதரம் தடவிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள்.

பதினாறு நாள், இரண்டு நாளைக்கு ஒருதரம் வந்தாள். அவள் மரம் மொட்டையாயிற்று.

மாசியில் பிஞ்சு பிடித்தது. அதே நெல்லிக்காய் அளவுதான். காவேரி தினமும் போய்ப் பார்த்துப் பயந்தாள். பங்குனி முதல் வாரத்தில் ஒரு காய் எலுமிச்சை அளவு தாண்டியது. பிறகு பத்து, நூறு. ஒருநாள் காற்றில் விழுந்த ஒன்றை எடுத்து அரிவாள்மணையில் வைத்தாள். கத்தி பாதியில் தடுத்தது. அழுத்தி அறுத்தாள். உள்ளே தந்தம் மாதிரி வெள்ளையாய்ப் பருப்பு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் அழுதாள்.

வைகாசியில் பழம் இறங்கியது. முதல் கூடையை மாரம்மா வீட்டுக்குக் கொண்டுபோனாள் காவேரி. மாரம்மா கூடையைப் பார்த்தாள்.

"பழம் வாணாம். அது உங்க மரத்தோடது. கொட்டை இக்குதே, அதை மட்டும் குடுங்க. அந்த ஒட்டுக்காரர் அப்படித்தானே சொன்னாராம், கொட்டைதான் ரெண்டு பேருக்கும் பொறந்ததுன்னு?"

அந்த வருஷம் தோப்புப் பழம் தின்ற வீடுகளிலெல்லாம் காவேரி சொல்லிவைத்துக் கொட்டைகளைச் சேர்த்தாள். ஈரச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாரம்மா குடிசைக்குப் பின்னால் பாத்தி கட்டி ஊன்றினாள்.

ராஜப்பன் அந்தப் பழத்தில் ஒரு கீற்றுக்கூடத் தின்னவில்லை. தோப்புக்குப் போவதும் நின்றுவிட்டது. ஒருநாள் மாரம்மா விறகுக்கட்டோடு வருவதைக் கண்டு, ஏரிக்கரை அடியில் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த ஊரில் ராஜப்பன் யாருக்கும் துண்டை எடுத்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. மாரம்மா அவரைக் கல்லைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப் போனாள். அவள் கண்ணுக்கு மறைகிறவரை அவர் துண்டைத் தோளில் போடவில்லை.

ஆவணியில் காவேரி கன்றுகளைப் பார்க்கப் போனாள். நாற்பதுக்கு மேல் முளைத்திருந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சிலதில் கொழுந்து ஒட்டு மரத்தைப்போல வெளிர்பச்சை. சிலதில் செம்பு நிறம். மாரம்மா ஒரு செம்புக் கொழுந்தைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, காவேரியிடம் நீட்டினாள். கற்பூர வாசனை.

"ரெண்டு பேரையும் கலந்துதான் வந்திருக்குது" என்றாள். பிறகு, குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள். "உங்க கண்ணுக்கு அவ தெரியறாளாமே? நாராயணம்மா சொன்னா. தெனமும் ஒரு சட்டி கூழ் மிச்சமாக் கொண்டாருவீங்களாம்."

காவேரி தலையசைத்தாள்.

மாரம்மா குடத்தைக் கீழே வைத்தாள். முகம் மாறிவிட்டது. இத்தனை நாளில் காவேரி பார்க்காத முகம். திருவிழாவுக்குப் போய்வந்தவர்களிடம் விசாரிக்கிறவர்களின் முகம்.

"எப்பிடி இருக்கறா? இளைச்சுப் போயிட்டாளா? என்னா சேலை? அந்த அரக்குச் சேலையா? வயிறு தெரியுதா?" கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒருநாளும் வந்ததில்லம்மா. கனவுலகூட இல்ல. பெத்தவகிட்ட வராம உங்ககிட்ட வரா பாருங்க. நான் ஒரு தடவ அங்க வந்து உக்காந்து பாக்கட்டுமா? பகல்லதானே? நான் கிட்டப் போவமாட்டன். தூரத்துல இருந்து முதுக மட்டும் பாத்துட்டு வந்துடறன்."

காவேரிக்குப் பொய் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பேசாமல் மறைத்த ஒன்று என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியும்.

"இப்ப தெரியறதில்ல மாரம்மா" என்றாள். "வண்டிய நிறுத்திச் சொன்னனே, அன்னியிலருந்து காணல. நானும் தெனமும் பாக்கறன். ஆறு பேருன்னா ஆறு பேருதான்."

மாரம்மா குடத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். நாலு கன்று தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"போயிட்டாளா" என்றாள். "போவட்டும். எம்புட்டு நாளுதான் குனிஞ்சே இருப்பா."

மறுநாள் உச்சிவேளையில் அவள் ஏரிக்கரை மேல் வந்து உட்கார்ந்தாள். தோப்பைப் பார்த்தபடி, முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு. அதற்கு அடுத்த நாளும் வந்தாள். களை எடுக்கிறவர்கள் முதலில் கூசினார்கள், பிறகு பழகிவிட்டது. கூழ் கொண்டுவருகிற காவேரி, பெண்களுக்கு ஊற்றிவிட்டுக் கரைமேல் ஏறிப்போய் அவளுக்கும் ஒரு சட்டி ஊற்றிக் கொடுப்பாள். பக்கத்தில் கொஞ்சநேரம் உட்காருவாள். கீழே பெண்கள் குனிந்து நிமிர்ந்து வேலைசெய்வதை, ஒவ்வொரு முதுகாக, இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.